எந்த ஊர்க் கல்?



கல் சேர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். நான் அதிலிருந்து ஓர் அடி முன்னே போய், சேர்த்த கல்லை விற்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆசைக்காகக் கற்களையும் புதைபடிவங்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஒருவர், அதையே பிழைப்பாக்கிக்கொண்டால் என்ன ஆகிறது? அவருக்கு என்ன ஆகிறது? அந்தக் கல்லுக்கு என்ன ஆகிறது? அந்தக் கல்லை நம்பி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு என்ன ஆகிறது? இதுதான் இன்றைய பொருள்.

கல்லூரியில் நிலவியல் நடத்திய காலத்திலும் சரி, ஓய்வுக்குப் பிறகு பள்ளிகளுக்குக் கற்பெட்டி செய்து கொடுக்கிற இப்போதும் சரி, என்னைத் தேடி வரும் இளைஞர்கள் ஒரு கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். “ஐயா, வீட்டில் மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இதை விற்கலாமா? விற்றால் தப்பா?”

அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அது நம்மிடையே பழையது. நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றுப்படுகையில் கிடைக்கும் சாளக்கிராமம் நம்மவர் பூஜை அறைகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. உள்ளே சுருள் தெரிகிற சாளக்கிராமம், பழங்காலக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரின் படிவம். அதைப் பேரம் பேசி வாங்கக் கூடாது, ஒருவர் மனமுவந்து கொடுக்க இன்னொருவர் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி வளர்த்தார்கள் நம் பெரியவர்கள். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு, கல்லான நத்தையைக் காசுக்குக் கொடுக்கக் கை கூசத்தானே செய்யும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்கலாம். ஆனால் விற்கும் ஒவ்வொரு கல்லோடும் மூன்று கேள்விகளுக்கான பதில் போக வேண்டும். எந்த ஊர்? எந்த அடுக்கு? எடுத்தவர் யார்? இந்த மூன்றும் இருந்தால் அந்த வணிகர் கல்விக்குத் தொண்டு செய்கிறவர். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஓர் ஏட்டைக் கிழித்து விற்கிறவர்.

இதை உபதேசமாகச் சொல்ல நான் வரவில்லை. வாழ்ந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். வீழ்ந்து காட்டியவர்களும் இருக்கிறார்கள்.

வாருங்கள், முதலில் இங்கிலாந்துக்குப் போவோம்.

தென்கரையில் டார்செட் மாவட்டத்தில் லைம் ரீஜிஸ் என்று ஒரு சிற்றூர். சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கிய செங்குத்துக் கரை. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலின் அடித்தரை. குளிர்காலப் புயலில் அலை அதன் அடியை அரிக்கும், மேலே மழைநீர் ஊறும், கரை சரியும். சரிந்த மண்ணோடு கல்லான உயிர்கள் வெளியே வந்து விழும். எடுக்க ஆள் இல்லாவிட்டால் அதே அலை அவற்றை உருட்டி உடைத்து மணலாக்கிவிடும்.

அந்த ஊரில் ரிச்சர்ட் ஆனிங் என்று ஒரு தச்சர். மேசை, அலமாரி செய்பவர். வேலை இல்லாத நேரத்தில் கரைக்குப் போய்க் கல் தேடுவது அவருக்குப் பிடித்த காரியம். கடற்காற்று வாங்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு அவற்றை விற்றுச் சில்லறை பார்ப்பதும் உண்டு. சுருண்டு கிடக்கும் அம்மோனைட்டுக்கு அந்த ஊரில் பாம்புக்கல் என்று பெயர். நீண்டு கூர்மையாக இருக்கும் பெலம்னைட்டுக்குப் பேய்விரல் என்று பெயர். மகன் ஜோசப், மகள் மேரி, இருவரையும் கூட்டிக்கொண்டுதான் போவார். 1810இல் ரிச்சர்ட் இறந்துபோனார். குடும்பத்துக்கு அவர் விட்டுச் சென்றது 120 பவுண்டு கடன். மேரிக்கு அப்போது வயது 11.

அப்பாவோடு கைகோத்துக்கொண்டு போய்ப் பொறுக்கிய கல், அன்று முதல் அடுப்பெரிய வேண்டிய கல் ஆனது.

1811இல் ஜோசப் நான்கடி நீளமுள்ள ஒரு மண்டையோட்டைக் கண்டான். மறு ஆண்டு மேரி அதன் உடலைக் கண்டுபிடித்தாள். கூலியாட்களை வைத்துத் தோண்டி எடுத்தார்கள். மீனைப் போல நீந்திய பெரும் ஊர்வன அது. பிற்பாடு அதற்கு இக்தியோசார் என்று பெயர் வந்தது. அந்த ஊர் நிலக்கிழார் சுமார் 23 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டார். அது கைமாறி, லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது; 1819இல் பிரிட்டிஷ் மியூசியம் அதை 45 பவுண்டு கொடுத்து வாங்கியது. அதைப் பற்றி அறிஞர்கள் கட்டுரை எழுதினார்கள். கண்டெடுத்த பெண்ணின் பெயரை எழுதவில்லை.

எந்த ஊர்? தெரியும். எந்த அடுக்கு? தெரியும். எடுத்தவர் யார்? அந்த இடம் காலி!

தொழில் நடத்தும் ஆசை உள்ள பிள்ளைகள் இனிச் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். கல் வணிகத்தில் வருமானம் மாதாமாதம் வராது. பெரிய படிவம் ஒன்று கிடைத்தால் சோறு. கிடைக்காவிட்டால் பாம்புக்கல் விற்ற சில்லறைதான். 1820 வாக்கில் ஆனிங் குடும்பம் வாடகை கொடுக்க வீட்டுச் சாமான்களை விற்கும் நிலைக்கு வந்துவிட்டது. அவர்களிடம் வாடிக்கையாக வாங்கிக்கொண்டிருந்த தாமஸ் பர்ச் என்ற படை அதிகாரிக்கு அதைக் கண்டு மனம் பொறுக்கவில்லை. தன் சேகரிப்பு முழுவதையும் லண்டனில் ஏலம் போட்டு, வந்த 400 பவுண்டையும் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தார். வாங்குகிறவர் தன் அலமாரியையே காலி செய்து விற்கிறவரைக் காப்பாற்றிய கதை, வேறு எந்த வணிகத்திலாவது உண்டா? நான் கேட்டதில்லை.

மேரி அதற்குப் பிறகும் கரையை விடவில்லை. 1823 டிசம்பரில் இன்னும் பெரிய அதிசயம் ஒன்று கிடைத்தது. நீண்ட கழுத்து, சிறிய தலை, துடுப்புக் கால்கள். முழுமையாகக் கிடைத்த முதல் பிளீசியோசார் அது. அதன் படம் பாரிசுக்குப் போனது. அங்கே ஜார்ஜ் குவியே இருந்தார். எலும்பைப் பார்த்தே விலங்கைச் சொல்லக்கூடியவர் என்று ஐரோப்பா முழுவதும் மதித்த பேரறிஞர். அவருக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நீண்ட கழுத்து ஒரு விலங்குக்கு இருக்க முடியுமா? இரண்டு விலங்குகளின் எலும்புகளை ஒட்டியிருப்பார்களோ?

அந்த ஒரு சந்தேகம் ஊர்ஜிதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேரியிடம் அதன் பிறகு ஒரு பாம்புக்கல் கூட யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். அவர் எடுத்த பழைய படிவங்கள் எல்லாம் சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கும். ஆனால் எலும்பு எலும்பாகப் பார்த்து ஆராய்ந்தபோது ஒட்டு இல்லை, வெட்டு இல்லை, முழுக்க அசல் என்று தெரிந்தது. குவியே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். கல் வணிகருக்கு முதலீடு எது என்பது அன்று தெரிந்துபோயிற்று. நாணயம்! அதுதான் முதலீடு.

அந்த எலும்புக்கூட்டைப் பற்றி 1824 பிப்ரவரியில் லண்டன் நிலவியல் கழகத்தில் பேசினார்கள். அங்கும் மேரியின் பெயர் இல்லை. பெண்கள் உறுப்பினராக முடியாத கழகம் அது. முதல் பெண் உறுப்பினர்களை அவர்கள் சேர்த்துக்கொண்டது 1919இல்.

1826இல் மேரி சேர்த்து வைத்த பணத்தில் ஒரு வீடு வாங்கினார். முன்பக்கம் கண்ணாடிச் சன்னல் வைத்த கடை, பின்னால் குடித்தனம். அமெரிக்காவிலிருந்து ஆள் வந்து வாங்கினார்கள். 1844இல் சாக்சனி நாட்டு அரசரே கடைப்படி ஏறி வந்தார்.

அந்தக் கடைக்கு அவ்வளவு பேர் எதற்காக வந்தார்கள்? கடற்கரைக்குப் போனால் யாருக்கும் கல் கிடைக்குமே! வந்த காரணம் மேரியின் அறிவு. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அந்தப் பெண், அறிஞர்களின் கட்டுரைகளை இரவல் வாங்கி, படங்கள் உட்பட வரி வரியாகக் கையால் படியெடுத்து வைத்துக்கொண்டார். மீன்களையும் கணவாய்களையும் அறுத்துப் பார்த்து, கல்லில் இருக்கும் எலும்போடு ஒப்பிட்டார். பெலம்னைட் படிவத்துக்குள் உலர்ந்த மைப்பை இருப்பதைக் கவனித்தார். அவருடைய தோழி எலிசபெத் ஃபில்பாட், பல கோடி ஆண்டுப் பழமையான அந்த மையை நீரில் கரைத்துப் படமே வரைந்தார். பெசோவார் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த உருண்டைக் கற்கள் இக்தியோசாரின் வயிற்றுப் பகுதியில் கிடப்பதைக் கவனித்துச் சொன்னார் மேரி. உடைத்தால் உள்ளே மீன் முள்ளும் செதிலும் இருந்தன. பழங்கால விலங்குகளின் கல்லான சாணம் அவை என்று வில்லியம் பக்லண்டு 1829இல் அறிவிப்பதற்கு அந்தக் கவனிப்பே அடிப்படை.

விற்பதற்காகக் கல்லைத் தேடிய பெண், விற்பதனாலேயே கல்லைக் கூர்ந்து படித்தார் என்று நான் சொல்வேன். வாங்க வருகிறவர் பேராசிரியர். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கடை மேரிக்குக் கல்லூரி ஆனது.

ஆபத்து இல்லாத தொழிலும் அல்ல அது. 1833 அக்டோபரில் கரை சரிந்தது. எப்போதும் கூடவே வரும் நாய் டிரே, அவர் கண்ணெதிரிலேயே மண்ணுக்குள் போனது. அவரும் மயிரிழையில்தான் தப்பினார். சேமிப்பைத் தவறான இடத்தில் போட்டு இழந்தார். பக்லண்டு போன்றவர்கள் முயன்று 1835இல் ஆண்டுக்கு 25 பவுண்டு உதவித்தொகை வாங்கிக் கொடுத்தார்கள். 1847இல் மார்பகப் புற்றுநோயால் 47ஆவது வயதில் இறந்தார். அவர் உயிரோடு இருந்தபோது அவர் பெயரைப் புதைபடிவ மீன்களுக்குச் சூட்டியவர் லூயி அகாசி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். சொந்த ஊரில் அவருக்குச் சிலை வைத்தது 2022இல்.

மேரியிடம் கூடுதலாக நின்றுவிட்டேன். நின்றே ஆக வேண்டும், ஏனென்றால் கல் வணிகம் என்றால் நம் கண் முன்னே வர வேண்டிய முதல் முகம் அவருடையது.

சரி, எல்லோருக்கும் பிளீசியோசார் கிடைக்குமா? கிடைக்காது. கிடைக்காதவர்கள் என்ன செய்வது? ஜெர்மனியைப் பாருங்கள். ஃபிரைபர்க் சுரங்கக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அகஸ்ட் கிரான்ட்ஸ் 1833இல் கனிம வியாபாரம் தொடங்கினார். அவர் கண்டுகொண்ட வழி எளிமையானது. அரிய கல்லை ஒரு செல்வருக்கு விற்பதைவிட, சாதாரணக் கற்களை வரிசைப்படுத்திப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி, கல்விச் சாலைகளுக்கு விற்பது. படிகங்களின் வடிவத்தைப் பேரி மரத்தில் கடைந்து கற்பிக்கும் மாதிரிகளாகவும் அந்தக் கடை விற்றது. அந்த நிறுவனம் பான் நகரில் இன்றும் நடக்கிறது.

அமெரிக்காவில் ஹென்றி வார்டு. சிறு வயதிலிருந்தே கல் பைத்தியம். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்துகொண்டே 1862இல் கடை தொடங்கினார். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கும் அரிய படிவங்களிலிருந்து அச்சு எடுத்து, சாந்தில் வார்த்து, கல்லூரிகளுக்கு அனுப்பினார். அசல் அதன் இடத்திலேயே இருக்கும், மாணவன் அதன் உருவத்தைத் தன் ஊரிலேயே தொட்டுப் பார்ப்பான். இதைவிட அழகான வணிகம் உண்டா? என்னைக் கேட்டால், இன்று தொழில் தொடங்கும் இளைஞனுக்கு நான் முதலில் கைகாட்டும் வழி இதுதான். அரியதை வார்ப்பாக விற்கலாம், சாதாரணமானதை அசலாக விற்கலாம்.

இனி வீழ்ந்த கதைகள். சீட்டு பொய்யானால் என்ன ஆகும்?

நம் நாட்டிலேயே நடந்தது. பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், இமயமலையில் எடுத்த படிவங்கள் என்று சொல்லி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வெளியிட்டிருந்தார். 1989இல் ஜான் டேலன்ட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் நேச்சர் இதழில் எழுதினார்: இமயமலை என்று காட்டிய படிவங்கள் மொராக்கோ நாட்டுப் படிவங்களை அச்சு அசலாக ஒத்திருக்கின்றன. மொராக்கோவின் எர்ஃபூத் பகுதி அம்மோனைட்டுகள் உலகத்துக் கடைகளில் எல்லாம் கிடைப்பவை. யோசித்துப் பாருங்கள். கல் அசல்தான். கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையும் அசல்தான். ஊர் மட்டும் பொய்! அந்த ஒரு பொய்யால், இமயம் எப்போது கடலாக இருந்தது, எந்தப் பாறை எந்தக் காலத்தது என்று எழுதிய கணக்கையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டி வந்தது.

இன்னொன்று சீனாவில். லியாவ்நிங் மாகாணத்தில் உழவர் ஒருவர் தோண்டிய படிவம், எல்லை கடந்து, அமெரிக்காவின் டூசான் நகரச் சந்தைக்கு வந்தது. டூசான் சந்தை என்றால் கல் உலகத்தின் திருவிழா. ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஊரே கடையாகிவிடும். விடுதி அறைகளை வாடகைக்கு எடுத்து, கட்டில் மேலேயே கல்லைப் பரப்பி விற்பார்கள். அங்கே 1999இல் அந்தப் படிவம் 80,000 டாலருக்கு விலைபோனது. பறவை உடல், டைனோசர் வால். இரண்டுக்கும் இடைப்பட்ட உயிர் என்று உலகப் புகழ்பெற்ற இதழ் ஒன்று அந்த ஆண்டே கொண்டாடியது. சில வாரங்களில் சீன அறிஞர் சு சிங், அந்த வாலின் மறுபாதிப் பலகையைக் கண்டுபிடித்துவிட்டார். அது வேறொரு விலங்கின் உடலோடு ஒட்டியிருந்தது! நல்ல விலை கிடைக்கும் என்று வெவ்வேறு உயிர்களின் துண்டுகளை ஒட்டி ஒன்றாக்கியிருந்தார்கள். குவியே அஞ்சியது, 175 ஆண்டு கழித்து நடந்தேவிட்டது. இதில் எனக்குத் தாங்காத வருத்தம் எது தெரியுமா? அந்த வால் மைக்ரோராப்டர் என்ற உண்மையிலேயே புதிய டைனோசருடையது. ஒட்டாமல் கொடுத்திருந்தாலே அது பெரும் புதையல்.

மூன்றாவது கதை எரிக் புரோகோபி. இளைஞர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள், இது உங்களைப் போன்ற ஒருவரின் கதை. ஃப்ளோரிடாவில் சிறு வயதில் ஆற்றில் மூழ்கிச் சுறாப் பற்களைத் தேடி எடுத்த பையன். ஆசை வளர்ந்தது, பின் அதுவே தொழிலானது. கை நேர்த்தி உள்ளவர். சிதறிய எலும்புகளைச் சுத்தம் செய்து, பொருத்தி, எழுந்து நிற்க வைக்கத் தெரிந்தவர். அவர் நிறுத்திய டார்போசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு 2012 மே மாதம் நியூயார்க்கில் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

எந்த ஊர்? சுங்கத் தாளில் இங்கிலாந்து என்று இருந்தது. மங்கோலிய ஆய்வாளர் பொலோர்த்செத்செக் மின்ஜின் பார்த்தார். அந்த எலும்பின் நிறமும் அந்த விலங்கின் இனமும் கோபி பாலைவனத்தைத் தவிர வேறு எந்த ஊரைச் சொல்லும்? மங்கோலியச் சட்டப்படி அங்கே கிடைக்கும் படிவங்கள் நாட்டுடைமை. வெளியே கொண்டுபோகவே கூடாது. மங்கோலியக் குடியரசுத் தலைவர் தலையிட்டார். அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. புரோகோபி குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். எலும்புக்கூடு 2013இல் உலான்பாத்தருக்குத் திரும்பியது. அந்த மனிதரின் கைத்திறன் பெரியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவ்வளவு திறனும் ஒரு சீட்டில் எழுதிய பொய்யோடு கரைந்துபோயிற்று.

மூன்று கேள்வி என்று சொன்னேன். நான்காவது ஒன்றையும் சேர்க்கத்தான் வேண்டும். யாருடைய மண்?

1990 ஆகஸ்டில் தெற்கு டக்கோட்டாவில் சூ ஹென்ட்ரிக்சன் டைரனோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டைக் கண்டார். அவர் வேலை பார்த்த கல் வணிக நிறுவனம் நிலத்துக்காரருக்கு 5,000 டாலர் கொடுத்துத் தோண்டி எடுத்தது. ஆனால் அந்த நிலம் அவருக்காக அமெரிக்க அரசின் பொறுப்பில் இருந்த பழங்குடி நிலம். 1992இல் மத்தியப் புலனாய்வுத் துறை வந்து எலும்புகளை அள்ளிக்கொண்டு போனது. அரசின் அனுமதி இல்லாமல் நடந்த விற்பனை செல்லாது, எலும்பு நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1997இல் ஏலத்தில் 83 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. நல்லவேளையாக வாங்கியது சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம். ஆனால் அந்த ஏலம் திறந்த கதவு மூடவே இல்லை. 2020இல் ஸ்டான் என்ற டைரனோசாரஸ் 3 கோடியே 18 லட்சம் டாலர். 2024இல் ஏபெக்ஸ் என்ற ஸ்டெகோசாரஸ் 4 கோடியே 46 லட்சம் டாலர். எந்தப் பல்கலைக்கழகத்தால் இந்த விலை கொடுக்க முடியும்? இந்தப் போக்கு எனக்கு உடன்பாடானது அல்ல. கல்லை விற்கலாம் என்று சொல்லும் நானே சொல்கிறேன்: உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் கிடைக்கும் உயிரின் எலும்பு, ஏலக்கூடத்துக்கு வரக் கூடாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம்பிக்கையோடு வருவோம்.

தக்காணத்துப் பசால்ட் பாறை எரிமலைக் குழம்பு உறைந்தது. அதில் காற்றுக் குமிழ் இருந்த பொந்துகளில், காலப்போக்கில் ஊறிய நீர் படிகங்களை வளர்த்தது. வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை என்று ஸ்டில்பைட், அபோஃபிலைட் படிகங்கள். பம்பாயிலிருந்து புனே போகும் ரயில் பாதைக்குப் போர் காட் என்ற இடத்தில் மலையைக் குடைந்தபோதே இவை வெளியே வந்தன. அதன் பிறகும் நெடுங்காலம் ஜல்லி உடைக்கும் குவாரிகளில் இவை ஜல்லியோடு ஜல்லியாகப் போய்க்கொண்டுதான் இருந்தன. சேகரிப்பாளர்கள் விலை கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் குவாரித் தொழிலாளி பொந்தைக் கண்டதும் சுத்தியலை நிறுத்தினார். புனே அருகே வாகோலி குவாரியிலிருந்து வந்த நீலநிறக் கேவன்சைட் இன்று உலகத்துச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் விரும்பும் கனிமம். கடற்படையில் பணியாற்றிய கே. சி. பாண்டே என்பவர் இந்தக் கற்கள் மேல் கொண்ட ஆசையைத் தொழிலாக்கி, உலகச் சந்தைகளுக்குக் கொண்டுபோனார். அதோடு நிற்காமல், நாசிக் அருகே சின்னரில் கார்கோட்டி என்ற கனிம அருங்காட்சியகத்தையும் அமைத்தார். விற்றவர், விற்காமல் வைத்ததையும் ஊருக்குக் காட்டினார். அந்த இரண்டாவது காரியத்துக்காக அவரை நான் வணங்குகிறேன்.

நம் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துக்கு இந்தப் பாடம் பொருந்துமா? பொருந்தும். கிரெட்டேசியக் காலத்தில் அங்கே கடல் இருந்தது. 1840களில் கே, கன்லிஃப் என்ற ஆங்கில அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் பொறுக்கிச் சேர்த்து லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். பின்னர் ஸ்டோலிச்ஸ்கா பல தொகுதிகளாக எழுதினார். இடம் காட்டியும் மூட்டை சுமந்தும் உதவிய உள்ளூர்க் கைகள் இல்லாமல் அந்தச் சேகரிப்பு நடந்திருக்குமா? எடுத்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கும் பாதிப் பதில்தான் இருக்கிறது.

இன்று அந்தச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிறது. இயந்திரம் அள்ளும் கல்லில் நத்தையும் கிளிஞ்சலும் அம்மோனைட்டும் சேர்ந்தே அரைபடுகின்றன. லைம் ரீஜிஸில் அலை செய்வதை இங்கே அரவை இயந்திரம் செய்கிறது. டார்செட்காரர்கள் தங்கள் கரைக்கு ஒரு நெறி வகுத்துக்கொண்டார்கள். சரிந்து விழுந்ததை யாரும் எடுக்கலாம். அறிவியலுக்கு முக்கியமான படிவம் என்றால் அதை உள்ளூர் மையத்தில் பதிவுசெய்ய வேண்டும். விற்பதானால் முதல் வாய்ப்பை அருங்காட்சியகத்துக்குத் தர வேண்டும். எடுத்தவர் பெயர் ஏட்டில் நிற்கும். இப்படி ஒரு நெறி நமக்கும் வேண்டும் என்று கேட்கிறேன். குவாரி உரிமையாளர் அனுமதி தரட்டும், நிலவியல் மாணவர்கள் வெட்டு முகத்தில் நின்று பார்க்கட்டும், அரியது அருங்காட்சியகத்துக்குப் போகட்டும், ஆயிரக்கணக்கில் கிடைக்கும் சாதாரணக் கிளிஞ்சல் பள்ளிக்கூடங்களுக்குப் போகட்டும். சாத்தனூர் கல்மரமும் திருவக்கரை கல்மரங்களும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்கள். அங்கே ஒரு சில்லைக் கூடத் தொடாதீர்கள். தொட்டு எடுத்து வந்து என்னிடம் காட்டாதீர்கள்.

தொழில் தொடங்க விரும்பும் பிள்ளைகளுக்கு, என் மேசையில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். கல் வீட்டுக்கு வந்த அன்றே, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட்டால் சின்னப் பொட்டு வையுங்கள். அது காய்ந்ததும் அழியாத மையால் எண் எழுதுங்கள். அதே எண்ணை நோட்டில் எழுதி, ஊர், ஊரிலிருந்து எந்தத் திசை, எத்தனை தூரம், எந்த அடுக்கு, எந்தத் தேதி, யார் எடுத்தது, யார் அனுமதித்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். கடிதமாக வாங்கிய அனுமதியை அந்த நோட்டிலேயே ஒட்டுங்கள். ஒட்டிய கல்லானால் ஒட்டியது என்று வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். எர்ஃபூத் பக்கத்துச் சில பட்டறைகளில் பிசினும் சாந்தும் குழைத்து, டிரைலோபைட் என்ற பழங்கடல் உயிரின் முழுப் படிவத்தையே செய்துவிடுகிறார்கள். அதை வாங்கி ஏமாந்தவருக்கு இனி அசலைக் காட்டினாலும் நம்பிக்கை வராது. உங்கள் சொந்த அலமாரி வேறு, கடை அலமாரி வேறு என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். சொந்த அலமாரியில் இருப்பதற்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் விலை சொல்லாதீர்கள். ஆசைக்காரர் வணிகரான பிறகு ஆசைக்காரராகவும் மிஞ்சுவது அந்த ஒரு கதவால்தான்.

நான் செய்யும் பெட்டியில் இருப்பவை எளிய கற்கள். சார்னக்கைட் ஒன்று, சுண்ணாம்புக்கல் ஒன்று, மணற்கல் ஒன்று, கல்லான கிளிஞ்சல் ஒன்று. ஒவ்வொன்றோடும் சீட்டு இருக்கும். ஒரு கிராமப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சீட்டைப் படித்துவிட்டு, “சார், இது எங்க சித்தி ஊரு. அங்கேயா கடல் இருந்துச்சு?” என்று கேட்டாள். மறு மாதம் அந்தச் சித்தி ஊரிலிருந்து ஒரு தாளில் பொதிந்து ஒரு கிளிஞ்சல் எனக்கு வந்தது. தாளில் ஊர்ப் பெயரும், கிணறு வெட்டிய இடமும், எத்தனை அடி ஆழம் என்பதும் எழுதியிருந்தன. கடைசி வரியில் அவள் தன் பெயரை எழுதியிருந்தாள். அந்தக் கல் என் சொந்த அலமாரியில் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் வெளியே மேசையில் பெட்டிகளும் என் பதிவு நோட்டும் இருக்கும். நோட்டை எடுத்துப் புரட்டிப் பாருங்கள், அதே மாதிரி கோடு போட்டுக்கொண்டு போங்கள். கல் கொண்டுவந்திருக்கும் மாணவர்கள் வரிசையில் நில்லுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.